குமுளியில் துண்டு போடாமல் ஏறினார்

அன்பு மகள் சிவசங்கரிக்கு உன் அம்மா முத்துப்பேச்சி எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் உண்டு, அது அவர் கூடவே வந்தது. நீயும் மாப்பிள்ளை அஜயும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார், அவரைப் பற்றிய விஷயத்தை அவர் முன்னால் எப்படிச் சொல்ல?

நான் மட்டும் பம்பாயில் உன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் பத்து நாள் ஆகியும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் என்னை யாரும் விட்டபாடில்லை. கொழுந்து கிள்ளுகிற இடத்திலும் இதே பேச்சுதான். பம்பாய் எப்படி இருக்கு சொல்லுங்கக்கா என்று பக்கத்து வீட்டு ஆனந்தி தினமும் கேட்கிறாள். நானும் அந்த ஊரிலேயே பிறந்தவள் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் இருந்த கடல் மத்தியானம் போய்ப் பார்த்தால் இருக்காது, வெறும் சேறுதான் கிடக்கும், சாயங்காலம் திரும்ப வந்துவிடும் என்று சொன்னேன், ஒருத்தியும் நம்பவில்லை. கோடையில் தேக்கடித் தண்ணீர் வற்ற மூன்று மாசம் ஆகுமே, கடல் அரை நாளில் எங்கே போகும் என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளை துறைமுகத்தில் ஓட்டுகிற கிரேன் நம் ஃபாக்டரிப் புகைக்கூண்டைவிட உயரம் என்றேன், அதற்கு மட்டும் அப்பா தலையை ஆட்டினார்.

ரயில் கதையையும் சொன்னேன், மறைக்கவில்லை. வடாலா ஸ்டேஷனில் அன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. முப்பது வருஷமாகக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்கை வரிசையில் வைத்துவிட்டால் போதும், நாம் எங்கே நின்றாலும் நம் முறை நமக்குத்தான். அதே நினைப்பில் பையைப் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். வண்டி வந்தது, அத்தனை பேரும் என் பையைத் தாண்டி ஏறினார்கள், உன்னையும் கூட்டம் உள்ளே தள்ளிவிட்டது, கண்ணை மூடித் திறப்பதற்குள் வண்டி போய்விட்டது. நானும் பையும்தான் மிச்சம். பயந்துதான் போனேன், அதை உன்னிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு மீன்காரம்மா என்னவோ கேட்டாள், நான் தமிழில் பதில் சொன்னேன், அடுத்த வண்டி வந்ததும் என் இடுப்பைப் பிடித்து அவள் கூடை ஏறுகிற பெட்டியில் என்னையும் ஏற்றிவிட்டாள். விட்டுப் போனால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நில்லும்மா, நான் அங்கே நிற்பேன் என்று நீ வீட்டிலேயே சொல்லி வைத்திருந்தாய் இல்லையா, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சிவ்ரியில் இறங்கினேன். நீ அழுதுகொண்டே ஓடி வந்தாய், மீன் வாடை அடிக்குது என்று சொல்லிக் கட்டிக்கொண்டாய். இறங்கியதுதான் இறங்கினோம் என்று கடல் சேற்றில் நின்ற சிவப்புக் கால் பறவைகளைக் காட்டினாய். ஊர் பார்க்கப் போனதில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இதை எல்லாம் அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எங்கள் வேலைக்காலம் முடிந்து மே மாசக் கடைசியில் லயத்து வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்கப்புறம் நீங்கள் கூப்பிடுகிற மாதிரி பம்பாய் போவதா, கம்பத்தில் வாடகைக்கு வீடு எடுப்பதா என்பது உனக்கும் தெரிந்த சண்டைதான். மக வீட்டுல போயி நான் எப்படிளா உக்காந்து சாப்பிட, மாப்பிள்ளை வீட்டாளுக என்ன நெனைப்பாக என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கே கீழ்வீட்டுக்காரன் பெயரே மாப்பிள்ளைக்குத் தெரியாது, யார் வந்து உங்கள் தட்டை எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கத்தினேன். அத்தை, மாமாவையும் கூட்டிட்டு வந்துருங்க, எனக்குப் பேச்சுத்துணை என்று மாப்பிள்ளை சொன்னதையும் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவே இல்லை. பெற்ற ஒரே பிள்ளை ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கமா என்று அடுப்போடுதான் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் வீடு பார்க்கக் கிளம்பினோம். பஸ் மாறுகிற குமுளி பஸ் ஸ்டாண்டில் அப்பா என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். பஸ் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இரண்டு பேருக்கு இடம் பிடித்துவிட்டு, கூட்டம் எல்லாம் ஏறி முடிந்த பிறகு துரை மாதிரி ஏறுவார். அன்றைக்குத் துண்டு தோளைவிட்டு இறங்கவில்லை. பஸ் வந்து நிற்பதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முட்டிவலியை மறந்து, கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்து முண்டி ஏறினார். ஒரு பையன் தாத்தா பாத்து என்றான், அவனை முறைத்தார். உள்ளே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, நான் ஏறுனது சரிதானா என்று என்னிடம் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மலை இறங்கி லோயர் கேம்ப் வந்ததும், வீடு பாக்க வேண்டாம் பேச்சி, பம்பாய்க்குச் சக்கரம் வச்ச பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்துருவோம் என்றார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். உட்கார இடம் கிடைக்கவில்லை, கம்பம் வரைக்கும் நின்றுகொண்டேதான் போனோம்.

இதை உனக்கு எழுதியதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே, அவரே போனில் சொல்லும்போது இப்போதுதான் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள். டியூட்டி முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படு, ஆஸ்பத்திரியில் எல்லார் உடம்பையும் பார்க்கிறவள் உன் உடம்பையும் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையை அவ்வளவு உயரத்தில் ஏறும்போது கீழே பார்க்க வேண்டாம் என்று சொல். லயத்து மாரியம்மன் உங்கள் இரண்டு பேரையும் பக்கத்திலேயே இருந்து காக்கட்டும். ஒன்றே ஒன்று, நாங்கள் வந்த பிறகு ரயிலில் அப்பா கையை நீ பிடித்துக்கொள், என் கையை மாப்பிள்ளை பிடிக்கட்டும். அப்படியும் விட்டுப்போனால் அடுத்த ஸ்டேஷனில் நில், அப்பாவுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
சு. முத்துப்பேச்சி
வண்டிப்பெரியாறு