தீவில் மடித்த சோறு

ஞாயிறு இரவு, ரந்தாவ் தோட்டம்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர் வேலையை மெச்சித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எங்களைக் குடும்பத்தோடு போர்ட் டிக்சனுக்கு அனுப்பியிருந்தார். இரண்டு நாள் தங்கல், சாப்பாடு, தீவுக்குப் படகு, எல்லாம் இலவசம்.

இன்று தீவில் சாப்பிடும்போது மகள் வள்ளி ஒரு பிடி சோற்றை இலையில் மடித்தாள்.

"யாருக்குடி?"

"காட்டுல இருக்கிற மாமாவுக்கு."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தமிழ்ப் போலீஸ்காரர் நிமிர்ந்தார். நான் அவள் கன்னத்தில் பளாரென்று அறைந்துவிட்டேன்.

அவர் எழுந்து வந்து பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். "பிள்ளைய அடிக்காதீங்க லா, அக்கா. சோத்த கட்டி எடுத்துட்டுப் போனா, காட்டுல இருக்கிறவங்களுக்குன்னு தோட்டத்து கேட்டுல சோதிச்சுப் பிடிப்பாங்க. இங்கயே சாப்பிடட்டும்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

வள்ளி அதைத் தொடவே இல்லை. அந்தச் சோற்றை நானே தின்றேன்.

வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளோடு சேர என் தம்பி காட்டுக்குப் போய் ஏழு மாதம். கடலைப் பார்த்த இரண்டு நாளும் எனக்கு அவன் நினைவே வரவில்லை.