கூழுக்கு அளவு

ஊர்காவற்றுறை,
புரட்டாதி 1986.

என் செல்ல மகளுக்கு,

கனடாவில் கொம்பியூட்டர் வாங்கி, நம் வீட்டுச் சமையலையெல்லாம் வகைவகையாக அதில் பதிந்து வைக்கிறாய் என்று அறிந்து சந்தோஷம். மீன்குழம்பும் கணவாய்ப் பிரட்டலும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஒடியல் கூழுக்கும் அளவு கேட்டிருந்தாய். நான் ஒருநாளும் அளந்து போட்டதில்லை. உன் கடிதத்தை வாசித்த அப்பாதான், "ஒருக்காக் காய்ச்சி அளந்து பாப்பமே. பிள்ளை ஆசையாக் கேக்குது" என்றார்.

மகள், மனதைத் திடப்படுத்திக்கொள். நேவிக்காரர் கடலுக்குப் போகத் தடை போட்டிருந்தும் அப்பா போன கிழமை வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். மத்தியானம் வெடிச்சத்தம் கேட்டது. வெறும் வள்ளத்தைத்தான் கட்டியிழுத்து வந்தார்கள்.

கூழுக்கு நண்டு பிடிக்கப் போனார் என்று சித்தி உனக்கு எழுதுவாள். நம்பாதே. வீட்டில் கறிக்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் போனார். நீ கேட்காவிட்டாலும் போயிருப்பார்.

கூழைக் கொம்பியூட்டரிலிருந்து அழித்துவிடாதே. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, நண்டு, இறால், பயற்றங்காய், புளி எல்லாவற்றையும் கைக்கு வந்தபடி போடு. அளவு மட்டும் என்னிடம் கேளாதே. ஒற்றை ஆளுக்குக் கூழ் காய்ச்ச ஏலாது.

உன்
அம்மா