கஞ்சியில் கலந்த மாத்திரை

என் பாசமுள்ள பார்வதி அக்காவுக்கு,

நீ போய் ஆறு வருசம் ஆகுது. இத்தனை நாளும் உனக்கு எழுதணும்னு எனக்குத் தோணினதே இல்லை. இப்ப எழுதுறேன்னா, என் தலைக்குள்ள எல்லாம் குழம்பிக் கிடக்குது, அதனாலதான். புரியாததை எல்லாம் சின்ன வயசிலயிருந்து உன்கிட்ட கொண்டுவந்து கொட்டித்தானே பழக்கம். என்னை மாதிரி மருந்து கொடுக்கிற மத்தவங்க படிச்சாலும் படிக்கட்டும். அவங்களும் படிக்கத்தான் வேணும்.

நான் இன்னமும் லிந்துலைப் பக்கத்து அதே தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். டாக்டர் ஐயா எழுதுற துண்டைப் பார்த்து, ஜன்னல் வழியா மருந்து கொடுக்கிற அதே வேலை. மச்சான் நல்லாருக்காங்க. பறிச்ச கொழுந்தை நிறுக்கிற மடுவத்துல நிக்கிறாங்க. மறுபடி கட்டிக்கல.

இந்த வருசம் எங்களுக்கு ஒரு வகுப்பு வச்சாங்க அக்கா. சீமையில ஏதோ ஒரு தூக்க மாத்திரையைச் சாப்பிட்ட கர்ப்பிணிகளுக்குக் கை கால் வளராத புள்ளைங்க பிறந்துச்சாம். அதுக்கப்புறம், மருந்தே செய்யற கெடுதலைப் பத்தி எல்லா ஊர்லயும் பேச்சு. கொழும்புலயிருந்து ஒரு லேடி டாக்டர் வந்தாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க. தோட்டத்து ஆஸ்பத்திரிகள்ல மருந்து கொடுக்கிறவங்க பதினாலு பேரை ஹட்டன்ல ஒரு பள்ளிக்கூடத்துல உட்கார வச்சு, நாலு சனிக்கிழமை பாடம் நடத்தினாங்க.

முதல் ரெண்டு வாரமும் எனக்குச் சிரிப்பாத்தான் இருந்துச்சு. குணப்படுத்தத்தானே மருந்து, அதைச் சந்தேகப்படச் சொல்றாங்களேன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட முணுமுணுத்தேன். மூணாவது சனிக்கிழமை சல்ஃபா மாத்திரையைப் பத்திப் பேசினாங்க. நல்ல மருந்து, எத்தனையோ உயிரைக் காப்பாத்தின மருந்து. ஆனா ஆயிரத்துல யாருக்கோ அது சேராது. மாத்திரை ஆரம்பிச்சு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுத் திரும்பக் காய்ச்சல் வரும், கண்ணு சிவக்கும், வாயெல்லாம் புண்ணாகும், உதட்டுல ரத்தம் காய்ஞ்சு ஒட்டிக்கும், உடம்புல செம்புள்ளி வந்து கொப்புளமாகித் தோல் உரியும்னு சொல்லிக்கிட்டே கரும்பலகையில எழுதினாங்க.

நான் பென்சிலைக் கீழ வச்சுட்டேன். அவங்க உன்னைத்தானே சொல்றாங்க?

உனக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வந்தப்ப சல்ஃபா கொடுத்தது நான்தான். டாக்டர் ஐயா எழுதினாங்க, நான் எண்ணிக் கொடுத்தேன். ஆறு நாள் சாப்பிட்ட, காய்ச்சல் விட்டுச்சு, நீ கொழுந்து பறிக்க மலைக்குக்கூடப் போன. ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பக் காய்ச்சல். கண்ணு செக்கச்செவேல்னு. டாக்டர் ஐயா வேற தோட்டத்துக்குப் போயிருந்தாங்க. நானா முடிவு பண்ணி, அதே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சேன்.

மறுநாள் உடம்பெல்லாம் புள்ளி. அந்த மாசம் கீழ் லயத்து வீடுகள்ல மூணு புள்ளைங்களுக்கு அம்மை போட்டிருந்துச்சு. மச்சான் வாசல்ல வேப்பிலை கட்டிட்டு என்கிட்ட வந்து சொன்னாங்க: "மாப்புள, மாரியம்மா வந்திருக்கா. இனி மருந்து மாத்திரை ஒண்ணும் வேணாம். அவளா எறங்குவா."

எனக்குக் கோபம் வந்துச்சு அக்கா. படிச்சவன் நான். பள்ளிக்கூடத்துல இங்கிலீசு படிச்சு, சீசாவுல ஒட்டின பேரை எல்லாம் வாசிக்கத் தெரிஞ்சவன். சரிங்க மச்சான்னு தலையாட்டிட்டு, மாத்திரையைப் பொடி பண்ணிக் கஞ்சியில கலந்து உனக்கு ஊட்டினேன். வாய்ப்புண்ணோட நீ ஒவ்வொரு மடக்கையும் கண்ணை மூடிக்கிட்டு முழுங்கின.

"என்னடா தம்பி, கசக்குது?"ன்னு கேட்ட.

"வேப்பிலை பட்டிருக்கும்க்கா"ன்னேன்.

அஞ்சு நாள். அஞ்சாம் நாள் நீ இல்ல. டாக்டர் ஐயா திரும்பி வந்து, நிமோனியான்னு ஆஸ்பத்திரிப் புத்தகத்துல எழுதினாங்க. மாரியம்மா கூட்டிக்கிட்டான்னு லயத்துல சொன்னாங்க. மருந்தை ரெண்டு நாள் முன்னாடியே கொடுத்திருக்கணும்னு நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். ஆறு வருசமா அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

வகுப்பு முடிஞ்சு எல்லாரும் பஸ்ஸுக்கு ஓட, நான் மட்டும் நின்னேன். டாக்டரம்மா என்னன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன். கஞ்சியைக்கூட.

அவங்க நாற்காலியை இழுத்துப் போட்டு எதிர்ல உட்கார்ந்தாங்க. "முதல் மாத்திரை எண்டைக்குக் குடுத்தனீங்கள்? புள்ளி வந்தது எத்தனையாம் நாள்? கண் சிவந்தது புள்ளிக்கு முந்தியோ பிந்தியோ?"ன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. எல்லாத்துக்கும் என்கிட்ட பதில் இருந்துச்சு. மறந்தாத்தானே.

"அப்ப மாத்திரைதானுங்களா டாக்டர்?"

"இருக்கலாம். அம்மையாயும் இருந்திருக்கலாம். நிமோனியாவும் கூட இருந்திருக்கும். இப்ப ஆராலும் அறுதியாச் சொல்லேலாது. எண்டாலும் நடந்ததை எழுதித் தாங்கோ."

"தெரியாததை எப்படிங்க எழுதுறது?"

"தெரியாது எண்டே எழுதுங்கோ. ஆனா எழுதாமல் விடாதேங்கோ. நீங்கள் ஒண்டு எழுதி, இன்னொருவர் ஒண்டு எழுதினால்தானே எங்களுக்கு விளங்கும்."

நிரப்பச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தாங்க. மருந்தோட பேரு, ஆரம்பிச்ச நாள், என்ன கண்டுச்சு, நிறுத்தினப்ப என்னாச்சு. அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன எழுதுவேன்? நான் நிறுத்தவே இல்லையே. அந்த இடத்தை வெறுமனே விட்டுட்டுத் தாளை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன். அனுப்பல.

அதுக்கப்புறம் ஒண்ணரை மாசம் இருக்கும். ராக்காயின்னு ஒரு பொண்ணு ஜன்னலுக்கு வந்தா. ஒரு வாரம் முன்னால வயித்துக்கடுப்புக்கு சல்ஃபா வாங்கிட்டுப் போனவ. முக்காட்டை விலக்கினா, கண்ணு ரெண்டும் செவப்பு. "வாயி எரியுதுங்க, சோறு எறங்கல. இன்னம் கொஞ்சம் மாத்திரை கொடுங்க"ன்னா.

இனி அதைச் சாப்பிடாதேன்னு மிச்சமிருந்த ஒண்ணு ரெண்டையும் திரும்ப வாங்கிட்டு, டாக்டர் ஐயாகிட்ட ஓடினேன். அவரு சீறினாரு. "யாருய்யா உனக்கு நிறுத்தச் சொன்னது? டாக்டர் நானா, நீயா?"

"நீங்கதாங்க ஐயா. வந்து அவ வாயை ஒருக்கா பாருங்க. அதுக்கப்புறம் என்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் சரிங்க."

வந்து பார்த்தாரு. டார்ச் அடிச்சு வாய்க்குள்ள பார்த்துட்டு, தோட்டத்து லொறியில அவளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாரு. பதினெட்டு நாள் கழிச்சு, முகமெல்லாம் தோல் உரிஞ்சு, அவ பிழைச்சுத் திரும்பி வந்தா. என் ஜன்னல்ல ஒரு சீப்பு வாழைப்பழம் வச்சுட்டுப் போனா.

சந்தோசப்படணும்தானே? எனக்கு வரல அக்கா. மருந்தை நிறுத்தினதால அவ பிழைச்சான்னா, நிறுத்தாததால நீ போயிட்டன்னு ஆகுதா? இல்ல, அவளுக்கு லேசா வந்துச்சு, உனக்குப் பலமா வந்துச்சா? மச்சான் சொன்ன காரணம் தப்பு, ஆனா அவங்க சொன்னபடி நடந்திருந்தா நீ இருந்திருப்பியோ? என் படிப்பு சரி, என் கை தப்பா? யாரைப் பிடிச்சு இதைக் கேட்க?

ராக்காயி கதையை எழுதி அனுப்பினேன். அது சுலபமா இருந்துச்சு. டாக்டரம்மா பதில் போட்டாங்க: அடுத்த வகுப்புல நீங்களே வந்து ரெண்டு பேர் கதையையும் சொல்ல முடியுமான்னு. மச்சான்கிட்ட சொல்லாம உன் கதையை ஊர்ல போய்ச் சொல்ல எனக்கு மனசு வரல.

ஞாயித்துக்கிழமை பகல்ல போனேன். மச்சான் லயத்துக்குப் பின்னால அவரைக்குக் குச்சி நட்டுக்கிட்டு இருந்தாங்க. நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன். அவங்க குச்சியைக் கீழ போடல, என்னைப் பார்க்கவும் இல்ல.

அடுத்த குச்சியை நட்டுக்கிட்டே, "நீ கலந்தது அவளுக்குத் தெரியும் மாப்புள"ன்னாங்க.

"எப்பலயிருந்துங்க மச்சான்?"னு கேட்டேன்.

"மூணாம் நாளே என்கிட்ட சொல்லிட்டா. தம்பி என்னமோ கலந்து ஊட்டுறான், கேட்டுடாதீங்க, அவன் மனசு ஒடைஞ்சிரும்னா. நானும் கேக்கல. நானும்தான் சும்மா இருந்தேன்."

அப்புறம் குரல் மாறிச்சு. "எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லு. இன்னொருத்தன் வீட்டுல இது நடக்கக் கூடாது. ஆனா கொஞ்ச நாளைக்கு என் கண்ணு முன்னால வராத."

போய் மூணு வாரமாச்சு. நான் இன்னும் அந்தப் பக்கம் போகல.

தெரிஞ்சா ஏன் முழுங்கின அக்கா? நான் கொடுக்கிறதுல கெடுதல் இருக்காதுன்னு நம்பினியா? இல்ல, என் மனசு நோகக் கூடாதுன்னா? ரெண்டுல எது உண்மைன்னாலும் எனக்குத் தாங்கல.

நேத்து ஹட்டனுக்குப் போனேன். வகுப்புல புதுசா பன்னெண்டு பேர். உன் தாளை எடுத்து, விட்டு வச்சிருந்த இடத்துல 'மருந்து நிறுத்தப்படவில்லை. கொடுத்தவன் நான்'னு எழுதிட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சேன். பின்வரிசையில ஒருத்தர் எழுந்திரிச்சு, "எங்க தோட்டத்துலயும் போன வருசம் இப்படி ஒரு அம்மா…"ன்னு ஆரம்பிச்சாரு. முடிக்க முடியல அவரால. டாக்டரம்மா அவருக்கும் ஒரு தாள் கொடுத்தாங்க.

உன்னைக் கொன்னது மாத்திரையா, அம்மையான்னு நான் சாகற வரைக்கும் எனக்குத் தெரியப் போறதில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். இனி என் ஜன்னலுக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும், இதுக்கு முன்னால எந்த மருந்தாவது உடம்புக்குச் சேராம போச்சான்னு கேட்டுட்டுத்தான் கொடுப்பேன். அவங்களுக்குத் தெரியாம ஒரு மாத்திரைகூடக் கொடுக்க மாட்டேன். வந்த கெடுதலை மறைக்க மாட்டேன், அது என் கையால வந்ததா இருந்தாலும்.

உன் கையால சோறு தின்னு வளர்ந்த தம்பி,
சுப்பையா