அறுப்பு மிஷினுக்கு வழி கேட்ட கதை

என் அன்புக்குரிய கவிதா அப்பாவுக்கு,

நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மீதியைக் கேட்டு நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. உட்கார்ந்து எழுதக்கூட உடம்பில் தெம்பு இல்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் அறுப்பு இது. ஆள் வைத்து அறுக்கலாம் என்று சேவூர் முழுக்க வீடு வீடாய்க் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் விடிவதற்குள் செய்யார் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள், நம் கவிதாவும்தான். மீதிப் பேருக்கு முட்டி வலி, இடுப்பு வலி. வருகிறேன் என்ற ரெண்டொருவர் கேட்ட கூலி, நெல்லை விற்றாலும் கட்டாது. அதற்குள் மழை வேறு. முற்றிய கதிரெல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. கவிதாவின் செயினை அடகு வைத்துத்தான் இந்தப் பயிரை வைத்தோம். அப்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், அதனால் சொல்லவில்லை.

பெரணமல்லூர் பக்கம் அறுப்பு மிஷின் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன். மிஷின்காரர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ரோட்டிலிருந்து நம் நிலத்துக்கு வர, உங்கள் தம்பியின் நிலத்தைத் தாண்டித்தானே வர வேண்டும்? அவருடைய பயிரோ இன்னும் பச்சையாய் நிற்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் நான் வேறு ஊருக்குப் போய்விடுவேன் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிஷினில் அறுத்தால் வைக்கோல் வீணாகும், மாடு தின்னாது என்று வருஷா வருஷம் சொல்வீர்களே, வைக்கோலுக்காகவா சொன்னீர்கள்? பாகம் பிரித்தபோது ரோட்டோரம் அவருக்கும் உள்பக்கம் நமக்கும் விழுந்தது. அந்தக் கோபத்தில் தம்பியோடு பேச்சை நிறுத்தினீர்கள். அவரிடம் போய் வழி கேட்கக்கூடாது என்பதற்காகவே இத்தனை வருஷம் கூலியைக் கொட்டினீர்கள். நல்ல வீம்புதான் போங்கள். அந்தச் செலவையெல்லாம் இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்தியது நான்.

அவன் வாசப்படியை மிதிக்காதே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் சொன்னீர்கள். மிதித்தேன். கால் கூசியது. அழுகையும் வந்தது, உங்கள் மேல் ஆத்திரமும் வந்தது. உங்கள் தம்பி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். நெல்லும் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"வருசா வருசம் என்னுத அறுத்து முடிச்சிட்டு, மிஷின்காரனை சும்மா நிக்க வெச்சிகினு இருப்பேன் அண்ணி. அண்ணன் வந்து ஒரு வார்த்தை கேக்கும்னு. அது அறுவாளை எடுத்துகினு அந்தப் பக்கமா பூடும்" என்றார்.

நீங்கள் அதைப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டுத்தான் போனீர்களா? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே.

மறுநாள் காலையில் அவரே மிஷினுக்கு முன்னால் நடந்து, தன் பயிரின் ஓரமாய் ஒரு தடம் அறுக்கச் சொன்னார். முற்றாத கதிர், இனி மாட்டுக்குத்தான் ஆகும். அதற்கு ஈடாக நம் நெல்லில் தருகிறேன் என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மழையில் அழுகியது போக மிச்சம்தான் கைக்கு வந்தது. அதுவும் ஈரம். காயவைத்து ஆரணி மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோய் விற்க வேண்டும், என்ன விலை கிடைக்குமோ. செயினை மீட்க முடியுமா என்று தெரியவில்லை. அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் கவிதா. பகலும் ராத்திரியுமாய் ஷிப்ட் மாறி மாறிப் பார்த்து அவளுக்குக் கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது.

அடுத்த போகம் ரெண்டு நிலத்துக்கும் ஒரே விதை, ஒரே சமயத்தில் நடவு என்று உங்கள் தம்பியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். மிஷின் ஒரே தடவையில் ரெண்டையும் அறுத்துவிட்டுப் போகும். நான் இருக்கிறவரை உங்கள் நிலத்தைத் தரிசாகப் போட மாட்டேன், இது சத்தியம். உங்கள் சண்டையை மட்டும் என்னால் நடத்த முடியாதுங்க. அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

உங்கள் மனைவி,
உங்கள் தம்பிக்கு அண்ணி.