மூடிக்குள் ஒரு திகதி

சுன்னாகம்,
ஆவணி 1993

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நல்ல வெயில். போன மாதம் உன் தம்பி கடலேரியைக் கடக்கக் கிளாலியில் படகேறினான் அல்லவா? ஆளில்லாமல் கரையொதுங்கிய படகொன்றில் கிடந்ததென்று, அன்று படகேறியவர்களின் வீடுகளைத் தேடி வந்த ஒரு மீனவர் கைமணிக்கூடு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். உன் அப்பப்பா மலாயாவில் வாங்கி, பிறகு தம்பி கட்டிய சுவிஸ் மணிக்கூடு போலவே இருந்தது. போலியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மணிக்கூடு திருத்தும் சிமியோனிடம் விலை கேட்கப் போனேன்.

அவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"அசல் சாமான், மாஸ்டர். நல்ல விலை போகும். உள்ளுக்கை என்ரை கீறலும் கிடக்கு."

திருத்திய திகதியை மூடிக்குள் கீறிவைப்பது அவர் வழக்கம். 12.3.88. அன்று திருத்தக் கொடுத்தவன் நான்தான்.

அம்மாவிடம் போலி என்று சொல்லியிருக்கிறேன். இதற்குப் பதில் எழுதாதே. வழமைபோலத் தம்பியைச் சுகம் கேட்டு எழுது. உன் கடிதங்களை அம்மாதான் பிரிக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா