கோட்டைச் சுவரில் ஒட்டிய காகிதம்

லுவார் ஆற்றங்கரை, பிரான்சு
28.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நிர்மலா அக்கா, இதை அப்பாவின் வலது காதில் கத்திப் படியுங்கள். இடது காதை மில் தறிகள் முழுதாகத் தின்றுவிட்டன. தெரு முழுக்கக் கேட்டாலும் பரவாயில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

விஜய் என்னைப் பிரிந்து போனதும், "தனியா எங்க போயி நிப்ப?" என்று அழுதீர்களே. கோட்டையில் நிற்கிறேன் அப்பா! நானூறு வருஷத்துக் கோட்டை. ராஜாவும் இல்லை, படையும் இல்லை. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பாரிசிலிருந்து வருகிறவர்கள் இரண்டு நாள் பிரபுக்கள் மாதிரி தூங்கி எழுந்து, படிக்கட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் கசக்கிய படுக்கையை நான் மடிக்கிறேன். ஆள் இல்லாத நாட்களில் காவலும் நான்தான். எதிரி வராமலிருக்க வெட்டிய அகழியில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

கோபுரத்துக்கு அடியில் என் அறை. சுவர் ஆறடி கனம். உள்ளே போன் எடுக்காது. ரொட்டி வாங்க ஊருக்குள் போனால்தான் எடுக்கும். ஒரே தொல்லை, போன மாதத்திலிருந்து என் அறைக் கதவு தரையில் உரசுகிறது. தோளால் முட்டித் திறக்கிறேன். குளிரில் மரம் ஊதும் என்கிறாள் கோட்டைக்குச் சொந்தக்காரி மதாம். காலையில் எழுந்தால் போர்வைமேல் மெல்லிசாக வெள்ளைத் தூள், யாரோ கோலமாவு தூவினாற்போல்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் செல்ல மகள்
சுடர்விழி

முதலியார்பேட்டை, புதுச்சேரி
12.11.2024

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா சொல்ல, நிர்மலா எழுதுவது.

உன் கடிதம் வந்த அன்றைக்கே டீக்கடையில் பேச்சு: "ராஜாங்கம் பொண்ணு கோட்டைக்கு ராணியாயிட்டாளாமே!" நானும் சிரித்தேன். அப்புறம் அந்தக் கதவு விஷயத்தை மட்டும் மூன்று தரம் படிக்கச் சொன்னேன். "கதவுல இன்னா கீது பெரியப்பா? எனக்குத் தொண்டை போவுது," என்றாள் இவள்.

பாப்பா, மரம் ஊதினால் சட்டத்தில் நாலு பக்கமும் இறுகும். தரையில் மட்டும் உரசினால் மரம் ஊதவில்லை, கதவு நிலை இறங்குகிறது. நிலை இறங்கினால் மேலே சுவர் இறங்குகிறது. தரையில் வில் மாதிரி கீறல் விழுந்திருக்கிறதா, பார். எங்கேயாவது விரிசல் இருந்தால் குறுக்கே ஒரு காகிதத்தைப் பசை போட்டு ஒட்டு. அது கிழிந்தால் அந்த அறையில் ஒரு பொழுதுகூடப் படுக்காதே.

இங்கேயும் கடற்கரைப் பக்கம் பழைய பங்களாவெல்லாம் ஓட்டலாகிவிட்டது. மஞ்சள் பெயிண்ட் அடித்தால் சுவருக்கு வயசு குறைந்துவிடுமா? நம்ம ஊர்க் கோட்டையை இங்கிலீஷ்காரன் அந்தக் காலத்திலேயே இடித்துத் தள்ளிவிட்டான். நல்லதாயிற்று. இல்லாத கோட்டை யார் தலையிலும் விழாது.

உடனே பதில் போடு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா ராஜாங்கம்
(கைநாட்டு)

லுவார் ஆற்றங்கரை
1.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நிர்மலா அக்கா, இதைத் தெருவில் வைத்துப் படிக்காதீர்கள். வேறு எங்காவது கூட்டிக்கொண்டு போய்ப் படியுங்கள்.

கட்டில் பக்கத்து அலமாரிக்குப் பின்னால் விரிசல் இருந்தது அப்பா. அலமாரியை நகர்த்தி வைத்து மறைத்திருக்கிறார்கள். உங்கள் கடித உறையை வெட்டி ஒட்டினேன். மூன்றாம் நாள் கிழிந்தது. இன்னொன்று ஒட்டினேன். அது ஒரே நாளில் கிழிந்தது.

மதாமைக் கூட்டி வந்து காட்டினேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "டிசம்பர் 28 கல்யாணம் முடியட்டும். நூற்றிருபது பேர். வசந்தத்தில் கொத்தனார் வருவார். அதுவரை இது நமக்குள்." மேரியில், அதான் இந்த ஊர் நகராட்சி ஆபீசில், போய்ச் சொன்னால் கோட்டையைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் எனக்கு வேலை இல்லை. மார்ச்சில் என் கார்த், இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, முடிகிறது. வேலைக் காகிதம் இல்லாமல் புதுப்பிக்க மாட்டார்கள். அந்த அறை வேண்டாம் என்றேன், மற்ற அறையெல்லாம் விருந்தாளிக்காம்.

கல்யாண விருந்துக்கு மேசை போடப்போவது கோபுரத்தை ஒட்டிய கூடத்தில். குழந்தைகளும் வருகிறார்கள்.

என்ன செய்ய? இருபத்தேழு நாள்தானே என்றும் தோன்றுகிறது. சொல்லுங்கள் அப்பா.

சுடர்

முதலியார்பேட்டை
14.12.2024

என் கண்ணு சுடர்விழிக்கு,

நேற்று உன் கடிதம் வந்தது. நிர்மலாவோடு பஸ் ஏறி நோணாங்குப்பம் போனேன். படகுத்துறையைத் தாண்டி ஆள் இல்லாத கரையில் உட்கார்ந்து, என் காதில் கத்திப் படித்தாள். பாதியில் அழ ஆரம்பித்துவிட்டாள். படகுக்காரன் ஒருவன் ஓடி வந்து, "இன்னாம்மா, வயசான மனுசனப் போயி இப்படித் திட்டற?" என்று அவளை அதட்டினான்.

அவசரத்துக்காக இதைப் படம் பிடித்து உன் போனுக்கும் அனுப்புகிறாள். முதல் வேலையாக மேரிக்குப் போ. கார்த் போனால் போகட்டும்.

ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்துமூன்று வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. நிர்மலா, நிறுத்தாதே, எழுது.

உன் அம்மா தனக்கொடி மழையில் சுவர் விழுந்து செத்தாள் என்று உனக்குத் தெரியும். அது முழுசு இல்லை. தொண்ணூற்றொன்று, கார்த்திகை மாதம். ஞாயிற்றுக்கிழமை நம்ம வீட்டுக் கதவு தரையில் உரச ஆரம்பித்தது. திங்களன்று அரிசிப் பானையில் சுண்ணாம்புத் தூள். செவ்வாய்க்கிழமை விரிசலில் என் சுண்டுவிரல் நுழைந்தது. நுழைத்துப் பார்த்தேன் பாப்பா. வீடு மில் மேஸ்திரியுடையது. வாயைத் திறந்தால் காலி பண்ணச் சொல்லுவான், தறியிலிருந்தும் எடுத்துவிடுவான். மழை விட்டதும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

செவ்வாய் சாயங்காலம் உன் அம்மா கேட்டாள்: "இன்னாங்க, கதவு இப்படி இழுக்குது?"

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்," என்றேன்.

புதன்கிழமை நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நான் தறிச் சத்தத்தில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து தோளைத் தட்டினார்கள்.

இனி என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று தோன்றினாலும் சரி. மேரிக்குப் போய்விட்டு அப்புறம் என்னை வெறுத்துக்கொள்.

ராஜாங்கம்
(கைநாட்டு)

மறுநாள் சேர்த்தது: போனில் இன்னும் ஒரே டிக்தான் காட்டுகிறதாம். தபாலைப் போடுமுன் இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன். ஒன்றுதான்.

லுவார் ஆற்றங்கரை
22.12.2024

அப்பாவுக்கு,

திங்கட்கிழமை ரொட்டிக் கடை வாசலில் போன் எடுத்தது. அங்கேயே நின்று படித்தேன். ரொட்டி வாங்காமல் மேரிக்குப் போனேன்.

அன்று மதியமே தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். விரிசலில் ஏதோ கருவியை வைத்துப் பார்த்தவர் வெளியே வந்து, யாரும் உள்ளே போகக்கூடாது என்று கயிறு கட்டினார். என் பெட்டியை அவரே எடுத்து வந்து கொடுத்தார். கல்யாணத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மதாம் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டையால் பிழைக்கிற ஊர் இது. இப்போது கடையில் எனக்குப் பதில் வணக்கம் சொல்பவர்கள் குறைவு. கோபுரம் இன்னும் நிற்கிறது.

மேரியில் வேலை பார்க்கும் ஒரு பெண் வீட்டில் தங்கியிருக்கிறேன். கார்த் விஷயமாக ஒரு வக்கீலிடம் அனுப்பியிருக்கிறாள்.

சுடர்விழி

முதலியார்பேட்டை
20.3.2025

அன்பு மகள் சுடர்விழிக்கு,

பொங்கலுக்கு ஒன்று, மாசி மகத்துக்கு முன்னால் ஒன்று எழுதினேன். இது மூன்றாவது. போனிலும் அனுப்பினோம். உன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது.

கடைசியாக நீ எழுதியதில் எல்லாம் இருந்தது, அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. காகிதத்தின் பின்பக்கம் பார்க்கச் சொன்னேன். "வெறும் காகிதம்தான் பெரியப்பா," என்றாள் நிர்மலா. அவள் எனக்காக எதையும் மறைப்பவள் இல்லை.

உன் மாமா நெடுமாறனிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். தன் அக்காவைப் பறிகொடுத்தவனுக்குத் தெரியவேண்டும் அல்லவா? "மூணு நாளு முன்னாடியே தெரியுமா மச்சான் உனக்கு?" என்று ஒரே ஒரு தரம் கேட்டான். தெரியும் என்றேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து வெளியே போனான். நான் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை.

மார்ச்சில் கார்த் முடிகிறது என்று எழுதியிருந்தாய். மாதம் முடியப்போகிறது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனதா, குளிரில் எங்காவது கிடக்கிறாயா என்று என்னென்னவோ தோன்றுகிறது. உன்னை மேரிக்குப் போகச் சொன்னது தப்பில்லை. ஆனால் போகச் சொல்ல நான் யார் என்றும் தோன்றுகிறது.

அம்மாவைப் பற்றி நீ எழுத வேண்டாம். என்னைப் பற்றியும் வேண்டாம். உறைக்குள் ஒன்றுமே வைக்க வேண்டாம். விலாசத்தை மட்டும் உன் கையால் எழுதிப் போடு. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நீ எழுதினால் என் பேர் எப்படி இருக்கும் என்று தெரியும்.

ராஜாங்கம்
(கைநாட்டு)