கேன்டீனில் கேட்ட உன் பெயர்

என் எஸ்தர் அக்காவுக்கு,

இல்லை, அறையை இன்னும் காலி செய்யவில்லை. உன் சீருடை இரண்டும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகின்றன. காலையில் கம்பெனி பஸ் இப்போதும் தெருமுனையில் அரை நிமிடம் நிற்கிறது. நீ போய் நான்கு மாதமாகிறது. டிரைவரிடம் யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் நிற்கிறாரா? நான் எழுந்துபோய்க் கேட்கவில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் கமிட்டி கூடியது. வாலிபர்கள் ஏன் வருவதில்லை என்பதுதான் பேச்சு. கிடார் வாங்கலாம் என்றார் ஒருவர். பெரிய திரை, வண்ண விளக்கு என்றார் இன்னொருவர். உன் அடக்க ஆராதனைக்கு ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து முற்றம் நிறைய நின்றார்களே கம்பெனியில் உன் லைனில் வேலை பார்த்த பெண்கள், அவர்களைப் பற்றியும் பேச்சு வந்தது.

"அவ்ளோ பசங்கள நம்ம சர்ச்சுல என்னிக்காவது பாத்துகீறோமா? வுடக்கூடாது," என்றார் மூப்பர். எல்லோரும் தலையாட்டினார்கள். உன் சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்களைத்தான் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு என்னிடம் திரும்பினார்கள். வாலிபர் சங்கச் செயலாளர் நான்தானே. மூன்று மாதமாக வராதவர்களின் பெயர்களை எழுதித் தரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரர்களுக்காகப் பாரத்தோடு ஜெபிக்க வேண்டுமாம். முதல் பெயரை அவர்களே சொன்னார்கள். ரூபி. உன் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள், நீ சபைக்கு அழைத்துவந்தவள்.

பேனா கையில் இருந்தது. எழுத வரவில்லை.

அக்கா, அன்றைக்கு உன் பெயரை எழுதிக் கொடுத்தது நான்தான்.

வார விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னால் வர முடியவில்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும் வாராவாரம் அக்கா எங்கே என்று கேட்டார்கள். செயலாளரின் அக்காவே வருவதில்லை என்று ஒருத்தி சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குப் பாரம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு சீட்டில் எழுதி ஜெபப் பெட்டியில் போட்டேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டரம்மா அதை மைக்கில் வாசித்தார்கள். பின்மாற்றத்தில் இருக்கும் மகள் எஸ்தர்.

வாலிபர்களை எட்டவேண்டும் என்றுதான் அந்த ஜெபத்தைச் செல்போனில் நேரலையாக விட ஆரம்பித்திருந்தோம். பார்ப்பவர்கள் ஐந்தாறு பேர். அதில் ஒருத்தி நீ என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. கேன்டீனில், சாப்பாட்டு இடைவேளையில், இயர்போனின் ஒரு முனை உன் காதில், மறுமுனை ரூபியின் காதில். வெள்ளி தவறாமல். நீ வரவில்லை என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். நீ வந்துகொண்டுதான் இருந்தாய்.

அன்று சாயங்காலம் நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, எம்பேர குடுத்தது நீயா?"

"நான் இல்லக்கா. பாஸ்டரம்மாவா இருக்கும்."

"அவியளுக்கு எம்மேல என்ன கோவம்?"

அதற்குப் பிறகு நீ நேரலை பார்க்கவில்லை. ரூபியும் பார்க்கவில்லை. கடைத்தெருவில் பாஸ்டரம்மா எதிரில் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாய். நான் உன் பின்னாலேயே வந்தேன்.

அடுத்த மாதம் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் உன் கட்டிலோரம் இருந்தேன். ஐந்து நாளும் சொல்வதற்கு நேரம் இருந்தது. எழுதியது நான் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தேதான் என்னைத் தலைவாரிவிடச் சொன்னாயா?

இப்போதும் அறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டதும் யாரோ நின்று கேட்கிறார்கள். ஏட்டி, நீயா? துணி மடிக்கும்போதும், சோறு வடிக்கும்போதும். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ள மட்டும்.

கமிட்டி கலைந்ததும் பாஸ்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நிமிரவில்லை.

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா இன்னா? எழுதனது நீ. மைக்ல படிச்சது நானு. அந்தப் பொண்ணு எந்த ஷிப்டுக்குப் போவுதுன்னு ஒரு வார்த்த கேட்டனா?"

பாயை மூலையில் சாய்த்துவிட்டு, இந்த வெள்ளிக்கிழமை யார் பெயரையும் வாசிக்கப் போவதில்லை, பாஸ்டரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்கள். பாஸ்டர் ஒத்துக்கொள்வாரா? தெரியவில்லை.

கிடார் வாங்கட்டும் அக்கா. விளக்கும் போடட்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் ஒருத்திக்கு எந்தக் கிழமை விடுமுறை என்றே தெரியாமல் அவளுக்காக எதைக் கேட்டு ஜெபிப்பது? எனக்கோ அது தெரிந்திருந்தது. தெரிந்தேதான் எழுதினேன். இதற்கு எந்தக் கமிட்டியில் பதில் இருக்கிறது?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி ஒருத்தியைக் கேட்காமல் அவள் பெயரை யாரிடமும் சொல்லமாட்டேன். கடவுளிடமும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, மூன்றரை மணிக்கு ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் போனேன். ரூபி இறங்கினாள். சீட்டை எழுதியது நான் என்று அவளிடம் சொன்னேன். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அவள் விடுதி வாசல்வரை நானும் நடந்தேன்.

உன் தங்கை,
மெர்சி